எடை 56 கிலோதான், ஆனால் ஃபாஸ்டிங் இன்சுலின் 17. எங்கள் மேசையில் எனக்கு மட்டும் ஏன்?

கேட்டவர்: ஸ்ரீவி பால்கோவா (நியூஜெர்சி)

எல்லோருக்கும் வணக்கம். வயது 47. இங்கே ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். மருத்துவமனை வேலை என்பதால் ஊரில் என்னிடம்தான் எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்சூரன்ஸ்காரன் எதற்குப் பணம் தரமாட்டான் என்பது மட்டும்தான்.

ஆபீசில் ஹெல்த் செக்கப் நடந்தது. மதியம் நான்கு பெண்கள் ஒரே மேசையில் சாப்பிடுவோம், நால்வருமே நாற்பதைத் தாண்டியவர்கள். ரிப்போர்ட் வந்த அன்று சாப்பாட்டை ஓரம் தள்ளிவிட்டு ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிட்டோம்.

என் கணக்கு இது: உயரம் 155 செ.மீ., எடை 56 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23.3, இடுப்பு 86 செ.மீ. ஃபாஸ்டிங் சுகர் 98, ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 5.8, ஃபாஸ்டிங் இன்சுலின் 17.2. ரத்தக் கொழுப்பில் ட்ரைகிளிசரைடு 178, நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் 41. ஹீமோகுளோபின் 10.4.

நுவார்க்கிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தோழிக்கு 49 வயது, 92 கிலோ. சுகர் 104, இன்சுலின் 14, ஏ1சி வெறும் 5.4. போர்ட்டோ ரிக்கோக்காரிக்கு சுகர் 101, இன்சுலின் 5. சீனாவின் ஃபூஜியானிலிருந்து வந்த தோழி என்னைவிட ஒல்லி. அவளுக்கு சுகர் 102, இன்சுலின் 7, ஏ1சி 5.9. இன்சுலினில் நான்தான் முதலிடம். நான் சைவம், சோடா தொடமாட்டேன். நுவார்க் தோழியோ சோடா இல்லாமல் சாப்பிட உட்காரமாட்டாள். "உன் சாம்பாரில் என்னதான் போடுகிறாய்?" என்று கேட்டாள்.

டாக்டர் எடை நார்மல் என்றார், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான். கூடுதல் தகவல்: 2010இல் சின்னவன் வயிற்றில் இருந்தபோது கர்ப்பகால சர்க்கரை இருந்தது. அம்மாவுக்கு சர்க்கரை உண்டு. கொஞ்ச காலமாக பீரியட்ஸ் தாறுமாறு, வந்தால் கொட்டுகிறது. பின்கழுத்து கறுத்துவிட்டது, கடலைமாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இது நம் இனத்துக்கே உள்ளதா, மெனோபாஸ் வேலையா, இல்லை நான் செய்யும் ஏதாவதா?


பதில்: ஆரோக்கியமே ஆனந்தம்

சகோதரி, எடை நார்மல் என்றால் வீணாகப் பயப்படாதீர்கள். வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம் மூன்றையும் வறுத்துப் பொடி செய்து இரவில் வெந்நீரில் ஒரு ஸ்பூன். என் மாமியாருக்கு நல்ல பலன். கழுத்துக் கருமைக்கு எலுமிச்சம்பழத் தோல்.


பதில்: சென்ட்ரிஃப்யூஜ் (சிகாகோ பக்கம்)

ஆனந்தம் சார், வெந்தயம் குடிப்பதில் தப்பில்லை, நானும் குடிப்பேன். ஆனால் அந்தக் கழுத்தில் எலுமிச்சை தேய்க்கச் சொல்லாதீர்கள். அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடினால் தோல் தடித்துக் கறுக்கும், வெல்வெட் மாதிரி இருக்கும். ஸ்ரீவி, உங்கள் ரிப்போர்ட்டில் எழுதாத வரி அதுதான்.

நான் மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. மருந்து மாத்திரையை உங்கள் டாக்டரிடம்தான் முடிவு செய்ய வேண்டும். எண்களைப் பற்றி மட்டும் என்னால் பேச முடியும், நிறையவே.

முதலில் கணக்கு. ஃபாஸ்டிங் சுகரையும் ஃபாஸ்டிங் இன்சுலினையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் ஹோமா-ஐஆர், அதாவது உடம்பு இன்சுலினை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் எண். உங்களுக்கு 4.2 வருகிறது. நுவார்க் தோழிக்கு 3.6. ஃபூஜியான் தோழிக்கு ஏறக்குறைய 1.8, போர்ட்டோ ரிக்கோ தோழிக்கு 1.2. எல்லா லேபுக்கும் பொதுவான ஒரே எல்லைக்கோடு இதற்குக் கிடையாது, அளக்கும் சோதனைக் கிட்டுக்குக் கிட்டு இன்சுலின் எண் மாறும். ஆனாலும் 4க்கு மேல் என்றால் எந்த லேபாக இருந்தாலும் நான் நின்று பார்ப்பேன். ட்ரைகிளிசரைடு ஏறி, ஹெச்டிஎல் இறங்கி இருப்பதும் அதையேதான் சொல்கிறது.

இப்போது நீங்கள் நால்வரும் ஒப்பிட்ட விதத்துக்கு வருகிறேன், அதில்தான் சிக்கல்.

போர்ட்டோ ரிக்கோ தோழியிடம் ஒன்று கேளுங்கள்: முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுக்கிறாளா? நம் வயதுப் பெண்களில் பாதிப் பேர் அதை மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறோம். இன்சுலினை அளக்கும் சில கிட்டுகளே பயோட்டினை வைத்துத்தான் இயங்குகின்றன, அதனால் ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் இன்சுலின் எண் பொய்யாகக் குறையும். பயோட்டின் லேப் முடிவுகளைக் குழப்புவது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ 2017லேயே எச்சரிக்கை விட்டது. இன்னொன்று, ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் இன்சுலின் சிதைந்து எண் குறையும். மெஷினில் சுற்றி முடித்த சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் மேலே சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்க வேண்டும். ரோஜா நிறமாக இருந்தால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். எல்லா இடத்திலும் அனுப்புகிறார்களா என்பது வேறு கதை.

நுவார்க் தோழியின் 5.4ஐப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட வேண்டாம். அவளுடைய ஃபாஸ்டிங் 104, பிரிடயாபடிஸ் (சர்க்கரைக்கு முந்தின நிலை) எல்லைக்குள் இருக்கிறது. அப்படியிருக்க ஏ1சி மட்டும் ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது? அமெரிக்கக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய 13 பேரில் ஒருவருக்கு சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் வடிவமாகும் நோய்) கூறு இருக்கும். நோய் இல்லை, ஒரு மரபணு மட்டும். அது இருப்பவர்களுக்கு உண்மைச் சர்க்கரையைவிட ஏ1சி கொஞ்சம் குறைத்துக் காட்டும், 2017இல் வந்த ஆய்வில் சுமார் 0.3 வித்தியாசம். அவளுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

உங்கள் 5.8க்கு நேரெதிர் பிரச்சினை. ஹீமோகுளோபின் 10.4, பீரியட்ஸ் கொட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவில் ஏ1சி உயர்த்திக் காட்டும். அதனால் 5.8 முழுவதும் சர்க்கரைதானா என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. ஆனால் 17.2 இன்சுலினுக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை, அந்தச் சாக்கு அங்கே செல்லாது. உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட்டையும் கேட்டு வாங்குங்கள். நம் ஆட்களுக்கு ஃபாஸ்டிங் சமர்த்தாக இருக்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் ஏறுவது சகஜம்.

சரி, இனம். உங்கள் மேசையைப் போலவே பல இனப் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு இங்கே நடந்திருக்கிறது. பெயர் ஸ்வான். 1996, 97 வாக்கில் 42 முதல் 52 வயது வரையுள்ள 3,302 பெண்களைச் சேர்த்து ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தார்கள். ஏழு மையங்கள், அதில் உங்கள் நுவார்க்கும் ஒன்று, எங்கள் சிகாகோவும் ஒன்று. கறுப்பின, சீன, ஜப்பானியப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிட இன்சுலின் உணர்திறன் குறைவு, உடம்புப் பருமனைச் சமன்படுத்திப் பார்த்த பிறகும். ஆனால் உடம்பு அதைச் சமாளிக்கும் விதம் வேறு வேறு. கறுப்பினப் பெண்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டியது. சீன, ஜப்பானியப் பெண்களிடம் சுரக்கும் திறனே குறைவு. ஆகவே ஃபூஜியான் தோழியின் 7ஐப் பார்த்து நல்ல எண் என்று சொல்லிவிட வேண்டாம். சுகர் 102க்கு அவள் கணையம் அவ்வளவுதான் தருகிறது என்றும் அதைப் படிக்கலாம். ஏ1சி 5.9 இருப்பவளும் அவள்தான்.

எனக்கு ஸ்வானில் ஒரு குறை உண்டு. சீனப் பெண்கள் எல்லோரும் ஓக்லாந்து பக்கம், ஜப்பானியர் எல்லோரும் லாஸ் ஏஞ்சல்ஸ், ஹிஸ்பானிக் பெண்கள் எல்லோரும் நுவார்க். ஒவ்வொரு ஊரிலும் வெள்ளையினப் பெண்களோடு இன்னொரு குழு, அவ்வளவுதான். அப்படியென்றால் இனம் பேசுகிறதா, ஊர் பேசுகிறதா? நுவார்க்கில் ஒரு பெண் எவ்வளவு நடக்க முடியும், என்ன வாங்கிச் சாப்பிட முடியும், எத்தனை ஷிஃப்ட் பார்க்கிறாள் என்பதெல்லாம் ஹிஸ்பானிக் என்ற ஒரே பெட்டியில் போய் விழுந்துவிடுகிறது. சோடா விஷயத்தில் உங்கள் தோழியைச் சொல்வதற்கு முன் அவள் வீட்டுப் பக்கம் காய்கறிக் கடை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

நம்மைப் பற்றி? ஸ்வானில் நாம் இல்லவே இல்லை. தெற்காசியர்களுக்கென்று மசாலா என்ற பெயரில் (நிஜமாகவே பெயர் அதுதான்) 2010இல் தொடங்கினார்கள், சிகாகோவும் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரமும். 906 பேர். மற்ற இனங்களை எடுத்த இன்னொரு ஆய்வோடு ஒப்பிட்டபோது சர்க்கரை நோய் நம்மவரில் 23 சதவீதம், கறுப்பினத்தவரில் 18, லத்தீனோ 17, சீனர் 13, வெள்ளையர் 6. நம்மிடம் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு அதிகம், தசை குறைவு. சாப்பிட்ட பின் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் முக்கிய இடமே தசைதான். கை கால் ஒல்லி, நடு உடம்பு மட்டும் கனம் என்று நம் வீட்டு ஆல்பத்தில் எத்தனை அத்தைகள்!

அதனால்தான் உங்கள் டாக்டர் சொன்ன நார்மல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிஎம்ஐ 25 என்பது நமக்கான கோடு இல்லை. அமெரிக்க டயாபடிஸ் சங்கமே 2015இல் ஆசியர்களுக்கு 23 வந்தாலே சர்க்கரை பாருங்கள் என்று மாற்றிவிட்டது. இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவை வைத்து 2021இல் ஒரு கணக்கு வந்தது: வெள்ளையருக்கு பிஎம்ஐ 30இல் இருக்கும் சர்க்கரை ஆபத்து தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது. இடுப்பும் அப்படித்தான். இங்கே பெண்களுக்கு 88 செ.மீ. என்று போடுவார்கள், தெற்காசியப் பெண்களுக்கு 80. உங்கள் 86 ஒரு கோட்டுக்குக் கீழே, இன்னொன்றுக்கு மேலே.

அந்த 86ஐ எங்கே அளந்தார்கள்? பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் அளந்தால் கணக்கில் சேராது. கடைசி விலா எலும்பின் அடியை விரலால் தொட்டுப் பாருங்கள், பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொடுங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப். சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது படிக்க வேண்டும், எக்கக் கூடாது. கண்ணாடி முன் நின்று டேப் பின்பக்கம் சரியவில்லையா என்று பாருங்கள், அங்கேதான் எல்லோருக்கும் இரண்டு செ.மீ. தொலையும்.

மெனோபாஸ் பற்றிக் கேட்டீர்கள். ஸ்வானில் ஸ்கேன் வைத்துப் பார்த்ததில், கடைசி பீரியட்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பிருந்து கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது, தசை குறையத் தொடங்குகிறது. கறுப்பின, வெள்ளையினப் பெண்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எடை மெஷினில் எந்தத் திடீர் மாற்றமும் இல்லை! ஒன்று கூட, ஒன்று குறைய, மொத்த எடை ஏறும் வேகம் அதே. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வாக்கிலேயே நின்றுவிடுகிறது, அமெரிக்காவில் 51 பக்கம். நீங்கள் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். இரவில் உடம்பு கொதித்து வியர்த்து எழுந்து உட்காருகிறீர்களா? அது அதிகம் உள்ளவர்களுக்கு ஹோமாவும் கூடுதலாக இருந்ததை அதே ஆய்வு காட்டியது. தூக்கம் கெட்டால் இன்சுலினும் கெடும்.

ஆனால் மெனோபாஸைவிட எனக்குப் பெரியதாகத் தெரிவது உங்கள் 2010. கர்ப்பகால சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவளைவிட ஏறக்குறைய பத்து மடங்கு என்று 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது என்று அந்த ஃபைலை மூடிவிடுகிறோம். மகப்பேறு மருத்துவரிடம் உள்ள அந்தத் தகவல் இப்போதைய டாக்டரின் திரையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில்லிங்கில் இருக்கிறீர்கள், பழைய பதிவைத் தோண்டி எடுப்பது உங்களுக்கா கஷ்டம்?


பதில்: வன்னி மருதம் (டொரொன்டோ)

சென்ட்ரிஃப்யூஜ் அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் 52, எனக்கும் இதே கதைதான். மூன்று வருடத்துக்கு முன் சர்க்கரைக்கு முந்தின நிலை என்று சொன்னார்கள். நடக்கச் சொன்னார்கள். ஓம், நடந்தேன், குளிர்காலத்தில் மோலுக்குள் கடை திறக்க முதலே போய்ச் சுற்றி வந்தேன். இடுப்பு கொஞ்சமும் அசையவில்லை.

பிறகு ஒரு பிசியோ பெண், அவளும் எங்கடை ஆள்தான், ரப்பர் பேண்ட் தந்து கதிரையில் இருந்து எழும்பி இருக்கிற பயிற்சியும் காட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு எழும்ப வேண்டும். எனக்கு முதலில் நாலு தரம் கூட ஏலவில்லை, தொடை நடுங்கினது. அவள் சொன்னது இதுதான்: தங்கச்சிமார் எல்லாரும் நடக்கிறார்கள், ஒருத்தரும் பாரம் தூக்குவதில்லை. இப்ப கிழமைக்கு மூன்று நாள் செய்கிறேன். ஏ1சி 6.1இல் இருந்து 5.7. எடை ஒரு கிலோதான் குறைஞ்சது, சட்டைகள் எல்லாம் தளர்ந்து போச்சு.

சாப்பாட்டில் கனக்க மாற்றவில்லை. இரவு இடியப்பம் எட்டு எடுத்த இடத்தில் நாலு, மற்றது பருப்பும் கீரையும் முட்டையும். நீங்கள் சைவம் என்றபடியால் கடலை, பயறு, சோயா, தயிர் என்று பார்த்துக் கூட்ட வேண்டும். சைவச் சாப்பாடு என்றால் நல்லது என்று நினைக்கிறோம், தட்டைப் பார்த்தால் முக்கால்வாசி சோறு.


பதில்: ஸ்ரீவி பால்கோவா

எல்லோருக்கும் நன்றி. டெஸ்ட் முடிந்தது. ஃபெரிட்டின் 7. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 164. அந்த ஆரஞ்சுத் தண்ணீரை மறுபடி வாயில் வைத்ததும் 2010 அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது.

இடுப்பை அக்கா சொன்ன மாதிரி அளந்தேன், 88. போர்ட்டோ ரிக்கோ தோழி பயோட்டின் சாப்பிடுகிறாள், பத்தாயிரம் மைக்ரோகிராம்! டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிட்டுத் திரும்ப ரத்தம் கொடுக்கப் போகிறாள். நுவார்க் தோழியிடம் சிக்கிள் விஷயத்தைக் கேட்கவே தயங்கினேன், அவள் சாதாரணமாக "என் தங்கைக்கு இருக்கிறது" என்றாள். அவளும் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். சாம்பார் கிண்டல் நிற்கவில்லை, அதுவும் சொல்லிவிடுகிறேன்.

வேறு டாக்டரிடம் போனேன். அவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வேண்டுமா, ஆறு மாதம் பயிற்சி செய்து பார்க்கிறீர்களா என்று என்னையே கேட்கிறார். எது சரி?


பதில்: சென்ட்ரிஃப்யூஜ்

164 என்றால் நடுக்கட்டம், 140க்கு மேல், 200க்குள். நோய் இல்லை, ஆனால் சும்மா இருக்கும் நேரமும் இல்லை.

முடிவை நான் சொல்ல முடியாது, எண்ணைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டிபிபி என்ற சர்க்கரைத் தடுப்பு ஆய்வில் மொத்தமாக வாழ்க்கைமுறை மாற்றம் சர்க்கரை வருவதை 58 சதவீதம் குறைத்தது, மெட்ஃபார்மின் 31. ஆனால் கர்ப்பகால சர்க்கரை வந்திருந்த பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே ஏறக்குறைய பாதியாகக் குறைத்தன. அதனால்தான் உங்கள் மாதிரிப் பெண்களுக்கு மெட்ஃபார்மினையும் யோசிக்கச் சொல்கிறார்கள். அந்த டாக்டர் கேட்டது நல்ல கேள்வி, அவரை விட்டுவிடாதீர்கள். சென்னையில் ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது: வாழ்க்கைமுறை 28.5 சதவீதம், மெட்ஃபார்மின் 26.4, இரண்டும் சேர்ந்து 28.2. சேர்த்தால் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். மாத்திரை அளவும் அங்கே வேளைக்கு 250 மி.கி., இரண்டு வேளை, இங்கே டிபிபியில் 850. டாக்டரிடம் பேசும்போது இது பயன்படலாம்.

மருதம் சொன்ன நாற்காலிப் பயிற்சியை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். ஃபெரிட்டின் 7இல் மூச்சு வாங்கும், அதனால் மெதுவாகத் தொடங்குங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள். இவ்வளவு கொட்டுவதற்குக் காரணம் என்ன என்று மகளிர் மருத்துவரிடம் தனியாகப் பார்க்க வேண்டும், இரும்பு மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஓட்டைப் பானைதான்.

ஏ1சி பற்றி ஒரு எச்சரிக்கை. இரும்பு ஏற ஏறப் புதுச் சிவப்பணு வரும், அப்போது ஏ1சி தானாகவே இறங்கும். அதைப் பார்த்துச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று யாராவது கைதட்டினால் நம்பாதீர்கள். அடுத்த முறை ஒப்பிட அந்த 164ஐ வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினும் திரும்பப் பார்ப்பதென்றால் அதே லேபில் கொடுங்கள், வேறு லேபின் எண்ணை இந்த 17.2 பக்கத்தில் வைக்க முடியாது.


பதில்: ஆரோக்கியமே ஆனந்தம்

சென்ட்ரிஃப்யூஜ் அம்மா, என் மனைவிக்கு 50 வயது, பிஎம்ஐ 24, கழுத்து நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. நாங்கள் மதுரையில். இன்சுலின் டெஸ்ட் இங்கே எழுதித் தருவார்களா?


பதில்: சென்ட்ரிஃப்யூஜ்

இன்சுலின் டெஸ்ட் வேண்டாம் சார், காசு தண்டம், அந்தக் கழுத்தே சொல்லிவிட்டது. ஃபாஸ்டிங், 75 கிராம் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), ஹீமோகுளோபின், இடுப்பளவு. இது போதும். பிரசவ காலத்தில் சர்க்கரை இருந்ததா என்று அவரிடமே கேளுங்கள், அந்தக் காலத்தில் பார்த்திருக்கவே மாட்டார்கள். குழந்தை பிறந்தபோது எடை நான்கு கிலோவுக்கு மேலா என்று கேட்டால் அவருக்கு நினைவிருக்கும்.